குழையில் கட்டிய சிவப்பு ரிப்பன்

போன மாதம் ஒரு சாயங்காலம் சின்ன மகள் பள்ளி நோட்டைத் தூக்கிக்கொண்டு நேராகக் கடைக்கே வந்துவிட்டாள். வண்டிப்பெரியார் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, வாளியும் குடமும் தொங்குகிற நம்முடைய கடை.

"அப்பா, புனைவுன்னா என்ன? அதுல எத்தன வகை இருக்கு? ஒரு பக்கத்துக்கு எழுதணுமாம்."

"சும்மா கட்டிச் சொல்றது."

"அப்பப் பொய்யா?"

"பொய் இல்ல."

"நெசமா?"

"நெசமும் இல்ல. டீச்சர் சொன்னத எழுது, போ."

"தெரியலேன்னு சொல்லுப்பா. சொன்னா என்ன, கொறஞ்சா போயிருவ?" என்று சொல்லிவிட்டுப் போனாள். சிறுகதை, நாவல், நாடகம், நாட்டுப்புறக் கதை என்று எழுதிக் கொடுத்து, 'சரி' போட்டு வாங்கியும் வந்துவிட்டாள்.

நான் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன். அவள் எழுதியது சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் நோட்டை வாங்கிப் பார்த்தபோது, எனக்குத் தெரிந்த வகைகள் எதுவும் அந்தப் பக்கத்தில் இல்லை. அவற்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பிள்ளைகளே, இது உங்கள் இரண்டு பேருக்கும். சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், என்னோடு வளர்ந்த என் வயதுக்காரர்கள் யாராவது படிக்க நேர்ந்தால், உங்களுக்கும்தான். அந்த மழைக்காலத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆனால் நீங்கள் நினைவில் வைத்திருப்பது சரியில்லை. அது என்னால் வந்தது.

எனக்கு அப்போது பதினொரு வயது. எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான், அத்தை. அத்தை அப்பாவுக்கு அக்கா. அவள் புருஷன் எங்கேயோ போனவர் திரும்பவே இல்லை. அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், அத்தையைத் தவிர.

"ஏன்த்தே, மாமா எங்க?" என்று கேட்டால், "எந்த மாமாவக் கேக்குற? கப்பல்ல போனாரே அவரா, கரடி தூக்கிட்டுப் போச்சே அவரா?" என்பாள். ஒரு வாரம் மாமா பட்டாளத்தில் இருப்பார். அடுத்த வாரம் சர்க்கஸில் சிங்கத்துக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருப்பார். கேட்டுக்கொண்டிருக்கிற பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். உண்மையைச் சொல்ல முடியாத இடத்தை அப்படி நிரப்பிக்கொண்டாள் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு மாமாக்கள் நிறைய இருந்தார்கள், அவ்வளவுதான்.

ஆனால் கதை என்று உட்கார்ந்து சொல்லும்போது அத்தை வேறு ஆள். சாயங்காலம் கைகாலைக் கழுவிவிட்டு அடுப்பு முன்னால் உட்காருவாள். ஏலக்காய் எடுத்து எடுத்து அவள் நகக்கண்கள் கறுத்துப்போயிருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் அந்தக் கறையும் வாசமும் போகாது. கதை தொடங்குமுன் சேலை முந்தியில் ஒரு முடிச்சுப் போடுவாள்.

"இப்ப உள்ள வந்தாச்சு. இனிமே நடுவுல பேசக் கூடாது."

கதை முடிந்ததும் முடிச்சை அவிழ்ப்பாள். "வெளிய வந்தாச்சு. போ, மூஞ்சியக் கழுவு." எவ்வளவு பயங்கரமான கதையாக இருந்தாலும், அந்த முடிச்சு அவிழ்ந்த நொடியில் பயம் போய்விடும். பாதியில் நின்ற கதையானால் முடிச்சு மறுநாள் முழுக்க முந்தியிலேயே இருக்கும். தோட்டத்தில் மற்றவர்கள், "என்னக்கா, யாருக்கும் தெரியாம என்னத்த முடிஞ்சு வச்சிருக்க?" என்று கேலி செய்தால், "ஒரு பொம்பளப் புள்ளைய முடிஞ்சு வச்சிருக்கேன், போய் வேலையப் பாருங்கடி" என்பாள்.

பிள்ளைகளே, எனக்குத் தெரிந்த முதல் வகை அதுதான். உள்ளே போகிறோம் என்று சொல்லிவிட்டு அழைத்துப் போவது. வெளியே கொண்டுவந்து விடுவது.

இப்போது பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

லயத்திலிருந்து ஏலக்காட்டுக்குப் போகிற வழி ஒரு இடத்தில் இரண்டாகப் பிரியும். மேல்பாதை பாறை ஓரமாகப் போகும். கீழ்ப்பாதை ஓடையை ஒட்டிப் போகும். எந்த வழியில் போனாலும் காட்டுக்குப் போய்ச் சேரலாம். ஆனால் ஏதாவது ஒரு வழியில் பெரியவர் நிற்பார். யானையை அந்தப் பக்கம் யாரும் பேர் சொல்லிச் சொல்வதில்லை. சொன்னால் காதில் விழுந்து வந்துவிடுவார் என்று நம்பிக்கை. பாருங்கள், இத்தனை வருஷம் கழித்தும் எழுதக் கை கூசுகிறது.

அதற்காகவே தோட்டத்தில் ஒரு வாச்சர் இருந்தார். ஒல்லியான மனிதர். காக்கிச் சட்டை, கையில் அரிவாள். அதிகம் பேச மாட்டார். விடியும்போதே தனியாகப் போய்ப் பார்ப்பார். சாணியில் கையை வைத்துச் சூடு பார்ப்பார். பெரியவர் எந்தப் பாதையில் இருக்கிறாரோ, அந்தப் பாதையின் வாயில் பச்சைக் குழை ஒன்றை ஒடித்துக் குறுக்கே போட்டுவிடுவார். பின்னால் வருகிற பெண்கள் குழையைப் பார்த்து மற்றப் பாதையில் போவார்கள். குழையே இல்லையென்றால், வாச்சர் இன்னும் வரவில்லை என்று பிரிவிலேயே காத்திருப்பார்கள். சாயங்காலம் அவரே வந்து குழையை எடுத்துத் தூர எறிவார். போடுவதும் எடுப்பதும் அவர் ஒருவர்தான். எழுத்து இல்லை, பேச்சு இல்லை. ஒரு கிளை. முப்பது பேர் அதை நம்பி நடந்தார்கள்.

வாச்சரின் மகள் என் வகுப்பு. நாங்கள் ஏழெட்டுப் பேர் ஏலக்காய் ஸ்டோருக்குப் பின்னால் 'பெரியவர் வெளையாட்டு' விளையாடுவோம். ஒருவர் பெரியவர், ஒருவர் வாச்சர், மற்றவர்கள் வேலைக்காரர்கள். வாச்சர் குழை போட வேண்டும், பெரியவர் ஒளிந்திருந்து பாய வேண்டும். அதில் ஒரு சட்டம் போட்டவள் அவள்தான்.

"எங்கப்பா போடுற குழைக்கும் நம்ம குழைக்கும் வித்தியாசம் வேணும்ல. இல்லேன்னா எங்கப்பா என் தோல உரிச்சுத் தொங்கவிட்டுருவாரு."

தன் சடையில் கட்டியிருந்த இரண்டு சிவப்பு ரிப்பனில் ஒன்றை அவிழ்த்து எங்கள் குழையில் கட்டுவாள். ரிப்பன் இருந்தால் விளையாட்டு. விளையாடி முடித்ததும் அவிழ்த்து மறுபடி சடையில் கட்டிக்கொள்வாள். அவளுக்கு அத்தையின் முடிச்சைப் பற்றித் தெரியாது. தெரியாமலே அதையே செய்திருக்கிறாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் வேலை இல்லை, வாச்சரும் பிரிவுக்கு வர மாட்டார். அப்பா அம்மாமார் எல்லோரும் பூப்பாறைக்குச் சாமான் வாங்கப் போயிருந்தார்கள். விளையாட்டு நடுவில் எனக்கும் அவளுக்கும் சண்டை. அவள் பெரியவராகப் பிளிறியதை நான், "எருமை கத்துற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

"எருமை ஒன்ன மாதிரிதான் இருக்கும். நீங்களே வெளையாடுங்க" என்று அவள் போய்விட்டாள். ரிப்பன் என் கையில் தங்கிவிட்டது.

அவள் போன பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அவள் இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டாள். "நெசமான எடத்துல வெளையாடலாமா?" என்று கேட்டேன். பிரிவுக்குப் போகக் கூடாது என்று எல்லா வீட்டிலும் கண்டிப்பு. மூன்று பேர்தான் வந்தார்கள். நான் வாச்சர். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய், ஒரு குழையை ஒடித்து, ரிப்பனைக் கட்டி, மேல்பாதையின் வாயில் போட்டேன். சும்மா சொல்லக் கூடாது, அந்த நிமிஷம் உலகமே என் பேச்சைக் கேட்கிற மாதிரி இருந்தது.

உடனே மழை வந்தது. மழைக்கு முன்னால் பனி மூட்டம் வந்து பக்கத்தில் இருந்தவன் முகம்கூடத் தெரியவில்லை. "டேய், ஓடிருங்கடா" என்று யாரோ கத்தினார்கள். ஓடிவிட்டோம்.

இதை மறந்துவிட்டேன் என்று சொன்னால் எனக்குச் சௌகரியம். மறக்கவில்லை. அன்று சாயங்காலம் அடுப்பு முன்னால் அத்தை முந்தியில் முடிச்சுப் போட்டபோதே ஞாபகம் வந்துவிட்டது.

கதை ஒரு கிணற்றைப் பற்றியது. வறண்ட ஊர். கிணற்றுக்கு அடியில் யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். யார் இறங்கிப் போனாலும் திரும்புவதில்லை. கடைசியில் ஒரு பெண், தன் தம்பியைத் தேடி இறங்குகிறாள். முதல் படி. இரண்டாவது படி.

"அத்தே..."

"கதைக்குள்ள பேசாத."

மூன்றாவது படியில் அவள் நிற்கிறாள். கீழே இருந்து வருகிற குரல் தம்பியின் குரல் மாதிரியே இருக்கிறது. ஆனால் தம்பி அவளை அக்கா என்று கூப்பிடுகிற வழக்கம் இல்லை. அவள் யோசிக்கிறாள்.

"மிச்சம் நாளைக்கு" என்றாள் அத்தை. "ஆமா, நடுவுல என்னமோ சொல்ல வந்தியே?"

பிரிவுக்குப் போனேன் என்று சொன்னால் அப்பா பெல்ட்டை எடுப்பார். ரிப்பன் கட்டித்தானே இருக்கிறது, பார்த்தால் தெரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன். காலையில் எல்லோருக்கும் முன்னால் ஓடிப்போய் எடுத்துவிடலாம் என்றும் நினைத்தேன்.

"ஒண்ணுமில்லத்தே" என்றேன்.

காலையில் எழுந்தபோது அத்தை கிளம்பிக்கொண்டிருந்தாள். அட்டை கடிக்காமல் இருக்கக் கால்களில் சுண்ணாம்பும் புகையிலையும் தேய்த்து, தலைமேல் பிளாஸ்டிக் தாளைப் போட்டுக்கொண்டாள். முந்தி முடிச்சைத் தூக்கிக் காட்டினாள்.

"பாரு, அந்தப் புள்ள மூணாவது படியிலதான் நிக்கிறா. சாயங்காலம் எறக்கி விடுவோம்."

அவர்கள் போய்ச் சற்று நேரம் கழித்துத்தான் எனக்குத் தூக்கம் முழுதாகக் கலைந்தது. செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.

குழை போட்ட இடத்திலேயே கிடந்தது. இரவெல்லாம் பெய்த மழையில் அது வாடவே இல்லை. வெயில் அடித்திருந்தால் இலை சுருண்டு, இது நேற்றையது என்று கண்டுபிடித்திருப்பார்கள். அப்போதுதான் ஒடித்துப் போட்டது போலப் பளபளவென்று கிடந்தது. ரிப்பன் நனைந்து கறுத்து இலைக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. கீழ்ப்பாதைச் சேற்றில் முப்பது பேருடைய கால் தடம்.

குனிந்து குழையைத் தொடப் போனேன். அதுவரை விடாமல் இரைந்துகொண்டிருந்த பூச்சிச் சத்தம் அப்படியே நின்றது.

அதற்குப் பிறகு கேட்டதை நான் எழுதப் போவதில்லை. கேட்டவர்களுக்குத் தெரியும். கேட்காத உங்களுக்கு வேண்டாம்.

நான் ஏலச் செடிகளுக்குள் புகுந்து படுத்துக்கொண்டேன். பெண்கள் அலறிக்கொண்டு மேலே ஓடிவந்தார்கள். கூடைகள் இல்லை. பிளாஸ்டிக் தாள்கள் இல்லை. எண்ணிக்கொண்டே இருந்தேன். அத்தை வரவில்லை. எல்லோருக்கும் பின்னால் கீழ்ப்பாதையிலிருந்து வாச்சர் ஏறி வந்தார். விடியற்காலை இருட்டில் மேல்பாதையின் வாயைக் கவனிக்காமலே கீழே போனவர், அங்கே பெரியவரைப் பார்த்து, நகர முடியாமல் ஒரு பாறைமேல் ஏறி நின்றிருக்கிறார். குரல் கொடுத்திருக்கிறார். ஓடை இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

வந்தவர் மேல்பாதையின் வாயில் கிடந்த குழையைப் பார்த்தார். அப்படியே நின்றார். பிறகு குனிந்தார். எல்லோருக்கும் அவர் முதுகுதான் தெரிந்தது. எனக்குப் பக்கவாட்டில் முகம் தெரிந்தது. இலைக்கு அடியில் விரல் போய், எதையோ உருவி, சட்டைப் பைக்குள் வைத்தது. பையின் ஓரத்தில் சிவப்பாக ஒரு நுனி.

கங்காணி அவர் தோளைப் பிடித்துத் திருப்பினார். "யோவ், மேல குழை போட்டது யாருய்யா?"

வாச்சர் சட்டைப் பையை ஒரு கையால் பொத்திக்கொண்டார்.

"ஒன்னத்தான்யா கேக்குறேன். நீ போட்டதா, இல்லையா?"

"நாந்தான்."

"நீ கீழ இருந்துல்ல ஏறி வார?"

"விடியங்காட்டி வந்து போட்டேன். மேலதான் நிக்கிறாருன்னு நெனச்சுட்டேன். தப்பாப் போச்சு."

யாரோ ஒரு மண்கட்டியை எடுத்து அவர்மேல் எறிந்தார்கள். அவர் விலகவில்லை. நான் செடிக்குள் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தேன். அந்த ரிப்பன் யாருடையது என்று அவருக்குத் தெரியும். அதைக் கட்டியது யார் என்று தெரியாது. நான் எழுந்து நின்றிருந்தால் போதும். ஒரு வார்த்தைகூட வேண்டியதில்லை.

அத்தையைக் குளிப்பாட்டிய பெண்கள் முந்தியில் முடிச்சைப் பார்த்து, ஏதோ வைத்திருக்கிறாள் என்று அவிழ்த்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லை. "வெறும் முடிச்சுத்தான்" என்று ஒருத்தி சொன்னாள். அந்தப் பெண் கிணற்றின் மூன்றாவது படியில் நிற்கிறாள் என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும் தெரியும். இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறாள்.

அடுத்து வந்தது இன்னொரு வகை. அதை யாரும் உட்கார்ந்து கட்டவில்லை. தானாக வளர்ந்தது. என்னோடு பிரிவுக்கு வந்த மூன்று பேரும் என்னைப் போலவே அடிக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை. வாச்சர் முந்தின நாள் குடித்திருந்தார் என்றார்கள். அவர் குடிக்கிறவர் இல்லை. அத்தைக்கும் அவருக்கும் ஏதோ பழைய பகை என்றார்கள். ஒரு வாரத்துக்குள் அவர் குழை போட்டதைக் கண்ணால் பார்த்தவர்கள் மூன்று பேர் ஆகிவிட்டார்கள். அதில் ஒரு அக்கா, அவர் கை எப்படி நடுங்கியது என்றுகூடச் செய்து காட்டினாள். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. அவளுக்கு அது உண்மையாகவே தெரிந்திருக்கிறது. அதை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் பயம். பூச்சியைக்கூட மிதிக்காத என் அப்பா, வாச்சர் வீட்டு வாசலில் போய்க் காறித் துப்பிவிட்டு வந்தார்.

மாதம் முடிவதற்குள் அவர்கள் ஜீப்பில் சாமான் ஏற்றினார்கள். வாச்சரின் மகள் என்னிடம் வந்தாள். ஒரு சடையில் ரிப்பன், இன்னொன்றில் வாழை நார்.

"என் ரிப்பன் எங்கடா?"

"தொலஞ்சு போச்சு."

"எருமை" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. ஜீப் போய்விட்டது.

'அப்பப் பொய்யா?' என்று கேட்டாயே மகளே, பொய் என்றால் இதுதான். இரண்டே சொல். அதில் முடிச்சும் கிடையாது, ரிப்பனும் கிடையாது. உள்ளே இருக்கிறோம் என்பது கேட்கிறவளுக்குத் தெரியாது.

வருஷங்கள் போய்விட்டன. நான் பிழைப்புத் தேடி வண்டிப்பெரியாருக்கு வந்தேன், உங்கள் அம்மாவைக் கட்டினேன், நீங்கள் பிறந்தீர்கள். போன வருஷம், அவர்கள் போய்க் குடியேறிய சித்திரபுரத்திலிருந்து ஒரு துக்கச் செய்தி வந்தது. வாச்சர் இறந்துவிட்டார். கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். அவர் மகள் நரைத்த தலையோடு வாசலில் நின்றிருந்தாள். "எருமை வந்துருச்சா" என்று அழுதுகொண்டே சொன்னாள்.

எல்லோரும் போன பிறகு அவள் ஒரு தகரப் பெட்டியைத் திறந்தாள். பழைய காக்கிச் சட்டைக்குள் மடித்து வைத்த ரிப்பன். சிவப்பு போய்ப் பழுப்பாகியிருந்தது.

"இது எங்கேருந்து கெடச்சுச்சுன்னு தெரியல. நீ தொலச்சது. எங்கேயோ பாதையில பாத்து எடுத்து வச்சிருக்காரு போல" என்றாள். "ஒனக்குத் தெரியுமா, அந்தத் தோட்டத்த விட்டு வந்தப்புறம் எங்கப்பா என் மூஞ்சிய நேராப் பாத்ததே கெடையாது. ஏன்னு கேட்டா எந்திருச்சுப் போயிருவாரு. என்னப் புடிக்காமப் போச்சுன்னே இத்தன நாளும் நெனச்சேன். இதப் பாத்தப்புறந்தான் மனசு ஆறுச்சு. பாசம் இருந்திருக்குல்ல?"

"இருந்திருக்கு" என்றேன்.

அதுவும் ஒரு வகை. நான் சொன்னது உண்மைதான். அவள் நினைக்கிறதைவிடப் பெரிய உண்மை. தன் மகள் ஒரு உயிர் போகக் காரணமாகிவிட்டாள் என்று அவர் நம்பினார். நம்பிக்கொண்டே அவளுக்காக வேலையை, பேரை, ஊரை எல்லாம் விட்டார். அவளிடம் கேட்டிருந்தால் ஒரே பேச்சில் தீர்ந்திருக்கும். கேட்டால் 'ஆமாம்' என்று பதில் வந்துவிடுமோ என்று பயந்திருக்கிறார். முகத்தைப் பார்க்காமலே சாகிறவரை இருந்துவிட்டார். அந்த மனிதர் கட்டிய கதை ஒன்றுதான் நான் அறிந்ததிலேயே அன்பானது. அதுதான் அவர்கள் இரண்டு பேரையும் தின்றது. அவர் அந்த ரிப்பனை உருவி மறைத்தது தெரிந்த ஆள் பூமியில் நான் ஒருவன்தான் மிச்சம்.

இதை முதலில் நான் இப்படி எழுதவில்லை. 'ஒரு சிறுவன் குழையை ஒடித்துப் போட்டான்' என்றுதான் எழுதினேன். எழுத நன்றாக ஓடியது. சின்ன மகள் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள்.

"அந்தப் பையன் ஏன்ப்பா எந்திருச்சுச் சொல்லல?"

"பயம்."

"இப்பச் சொல்லலாம்ல? இப்பப் பெரியாளாயிருப்பான்ல?"

நான் பேனாவை மூடி வைத்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு 'ஒரு சிறுவன்' என்று எழுதிய இடத்தையெல்லாம் அடித்து 'நான்' என்று எழுதினேன். பதினேழு இடம்.

நேற்று சித்திரபுரத்தில் இருக்கும் வாச்சரின் மகளுக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன்.

"என்ன விசேஷம்?"

"ஒண்ணு எழுதியிருக்கேன். நீ படிக்கணும்."

"கதையா?" என்று சிரித்தாள். பிறகு, "வந்தா ரோட்டு வழியாவே வா. எஸ்டேட் வழியா குறுக்க வராத. பெரியவர் எறங்கியிருக்காருன்னு காலையில வாட்ஸ்அப்ல வந்துச்சு. நெசமோ, எவனாவது வெளையாடுறானோ, யாருக்குத் தெரியும்?" என்றாள்.

எழுத உட்கார்ந்த முதல் நாள் என் தோள் துண்டின் நுனியில் ஒரு முடிச்சுப் போட்டேன். உங்கள் அம்மா துவைக்க எடுத்தபோதுகூட அவிழ்க்க விடவில்லை. அதே துண்டோடுதான் போகிறேன். அவள் கடைசி வரி வரைக்கும் படித்து நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கட்டும். அதற்குப் பிறகு இந்த முடிச்சை அவிழ்ப்பதா வேண்டாமா என்று சொல்ல வேண்டியவள் அவள்தான்.